பங்க் மேனேஜரின் கரண்ட் கார்

என் வீட்டுக்காரர் பெட்ரோல் பங்க் மேனேஜர். அவர் ஓட்டுவது கரண்டில் ஓடும் கார். இதைச் சொன்னதும் சிரிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. சிரித்து முடித்த பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பங்க்லயே இருக்கறவருக்குப் பெட்ரோல் சும்மா கிடைக்குமே?" கிடைக்காது. பல் டாக்டர் பெண்டாட்டி சும்மா கிடைக்கிறது என்று பல்லைப் பிடுங்கிக்கொள்கிறாளா என்ன? கிடைத்தாலும் எங்களுக்கு வேண்டாம். அதற்குக் காரணம் என் தலை.

பெட்ரோல் வாசனை பட்டால் எனக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிடும். இடது கண்ணுக்கு மேலே ஆரம்பித்து, பின்மண்டை வரை ஒரு பக்கமாகப் பிளக்கும். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அதனால் தலைவலியோடு நான் மெஷின் முன்னால் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் என் தலைவலி அடுத்தவர் தலைக்குப் போய்விடும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் எங்கே வேலை பார்க்க வேண்டும்? கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்குப் பங்கில் வேலை என்றார்கள். நிரந்தரமான வேலை என்று அப்பா தலையாட்டினார். என் தலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அப்போது அவர் பம்பில் நின்று பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு கல்லாவுக்கு வந்து, அதற்கும் பிறகு மேனேஜர் ஆனார். ஆனால் மேனேஜர் என்று பெயருக்கு ஒரு அறை இருக்கிறதே தவிர, பாதி நாள் வெளியில்தான் நிற்பார். டேங்கர் வந்தால் அவரே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். காலையில் முதல் வண்டிக்கு ஊற்றும்போது அவரே அளவு பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசாமல் நேரே குளியலறைக்குப் போவார். சட்டையைத் தனி வாளியில் ஊறப்போடுவார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, குளித்து முடிக்காமல் அவளைத் தொட மாட்டார். இதையெல்லாம் நான் சொல்லி அவர் செய்யவில்லை. கல்யாணமான புதிதில் நான் ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தார், அவராகவே கண்டுபிடித்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

பேசாதது அவர் சுபாவம். வாயில்லாப் பூச்சி. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். சண்டை போட்டால்கூட அவர் பக்கத்து நியாயத்தையும் நானே சொல்லி, அதற்கு நானே பதில் சொல்ல வேண்டும்.

அவர் பைக்கில் போவார், நான் பஸ்ஸில் போவேன். பிறகு ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். அதில் ஒரே ஒரு தடவை ஏறினேன். போன இடத்தில் ஒரு வாய் சாப்பிட முடியாமல் படுத்தேன். மறுபடி பஸ். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் அவர் முன்னால் போய் மண்டப வாசலில் நிற்பார், நான் பின்னால் பஸ்ஸில் போய் இறங்குவேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றே என் நாத்தனார் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். சமாதானம் செய்துவைக்கக்கூட வந்தாள், பாவம்.

மகள் படித்து வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. இவர் இறங்கினார்.

"ஏறு" என்றார்.

"யார் வண்டி?"

"நம்மளுது. முன்னாடி ஏறு."

மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறினேன். தெருவைத் தாண்டும்போது கையை எடுத்தேன். ஒன்றும் இல்லை. சீட் துணியின் புது வாசனை மட்டும் கொஞ்சம். பெரிய சாலை வரை போய்த் திரும்பி வந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், "தலை வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்கல. அதான் அழறேன்" என்றேன்.

அன்றிலிருந்து காலையில் என்னைக் கடையில் இறக்கிவிட்டு அவர் பங்குக்குப் போவார், சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்வார். காருக்கென்று ஒரு சட்டமும் வைத்தார். பங்க் சீருடை பங்கிலேயே இருக்க வேண்டும். வீட்டுச் சட்டைக்கு மாறாமல் காரில் ஏறக் கூடாது. பங்கில் போடுகிற செருப்புக்கு டிக்கியில் மூடி போட்ட டப்பா. ராத்திரி வாசல் பிளக்கில் மாட்டிவிட்டு, தூங்கப் போகும்முன் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். பாதி சார்ஜுக்குக் கீழே ஒருநாளும் இறங்க விட மாட்டார். காலி டேங்கோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பங்குக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

வழியில் ஒரு நீளமான பாலம் உண்டு. அதில் ஏறி இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, திரையில் சார்ஜ் ஏறுவதைக் காட்டுவார். "பாத்தியா? பெட்ரோல் எரிஞ்சா எரிஞ்சதுதான். இது எறங்கறப்போ திருப்பித் தருது." தினமும் காட்டுவார். நானும் தினமும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பேன். அந்தக் காலை நேரத்தில்தான் எங்களுக்கு உண்மையில் கல்யாணம் ஆனது என்று சொன்னால் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் அதுதான் நிஜம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவரேதான்.

முதல் வண்டிக்கு அளவு பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? பைக் காலத்திலிருந்தே அந்த முதல் வண்டி அவருடையதுதான். காலையில் நேரே இரண்டாம் பம்பில் போய் நிற்பார். கார் வாங்கிய பிறகு காற்றடிக்கிற மூலையில் நிறுத்தப் பழகியிருந்தார். ஒருநாள் என்னை இறக்கிவிட்டு ஏதோ யோசனையில் போனவர், பழக்கதோஷத்தில் இரண்டாம் பம்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நிறுத்தியதோடு விட்டாரா? இறங்கி, சார்ஜ் மாட்டுகிற மூடியையும் திறந்துவிட்டார். இரண்டாம் பம்பில் நிற்கிற அக்காவுக்கும் அதே பழக்கம்தான். குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, ஓட்டை ஓட்டையா இருக்கே. எந்த ஓட்டையில ஊத்தணும்?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு புண்ணியவான் போனில் படம் பிடித்துவிட்டான். மத்தியானம் மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பாவை ஊரே பாக்குது!" 'மீன் கடைக்காரர் சைவமாகிவிட்டார்' என்று எழுதி யாரோ சுற்றுக்கு விட்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மறுநாள் காலை வரைதான் நிலைத்தது.

பங்க் முதலாளி பெரிய ஆள். உடம்பும் பெரிது, குரலும் பெரிது. அவருடைய டீசல் வண்டி தெருமுனையில் வரும்போதே பங்கில் எல்லோரும் நிமிர்ந்து நிற்பார்கள். ஊரில் இருக்கிற மற்ற பங்க் முதலாளிகள் எல்லோரும் அந்தப் படத்தை அவருக்கு அனுப்பி, விசாரிப்பதுபோல் வெறுப்பேற்றியிருக்கிறார்கள். இவரை அறைக்குள் கூப்பிட்டார்.

"என் உப்பைத் தின்னுட்டு, என் பம்பு முன்னாடியே என்னைச் சந்தி சிரிக்க வச்சுட்டியேயா! என் மேனேஜரே என்கிட்ட பெட்ரோல் போடலன்னா வேற எவன் போடுவான்? காரா, வேலையா? மாசக் கடைசிக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லு."

இதை அவர் என்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலை பாலம் ஏறும்போது சொன்னார். சொல்லிவிட்டு, "வித்துடலாமா?" என்றார்.

வேலையை விடுங்கள் என்று சொல்ல முடியுமா? இந்த வயதில் எங்கே போய் வேலை தேடுவார்? அவருக்குத் தெரிந்த உலகம் அந்தப் பங்க்தான். ஆனால் காரை விற்றால் மறுபடி அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இனி இருக்கப்போகிற காலைகளெல்லாம் பஸ் ஜன்னலோடு போய்விடும். கோபம் வந்தது.

"வீட்டுக்காரிக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது, அதுக்காக வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"அதெல்லாம் போய் அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். அவ்வளவுதான் பதில்.

பாலம் இறங்கும்போது அன்றைக்கு அவர் திரையைக் காட்டவில்லை.

அன்றிலிருந்து காரைப் பங்குக்கு ஒரு தெரு முன்னால் இருக்கிற டைல்ஸ் கடைக்குப் பின்னால் ஒளித்து நிறுத்திவிட்டு, அங்கிருந்து நடந்து போனார். திருட்டு வண்டி வைத்திருப்பவன்கூட அப்படிப் பதுங்க மாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் மழை கொட்டியது. முதலாளியின் டீசல் வண்டி எங்கோ முழங்கால் தண்ணீரில் நின்றுபோய், அதை டிரைவர் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார். வாடகை வண்டி எதுவும் வரமாட்டேன் என்றது. முதலாளி பங்கில் மாட்டிக்கொண்டார். இவர் ரொம்ப நேரம் மென்று முழுங்கி, "என் வண்டி இருக்கு சார்" என்றாராம். முதலாளி இவரைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டு வா" என்றார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து ஓடிவந்து, வழக்கம்போல் முன்கதவைத் திறந்து உட்காரப் போனேன். உள்ளே ஒரு மலை இருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தால் முதலாளி மடியில் உட்கார்ந்திருப்பேன். அவர் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், காருக்குள்!

நான் பின்னால் ஏறினேன். கொஞ்ச தூரம் போன பிறகு குடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏன்யா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

"பாலமே தாண்டிட்டோம் சார்."

குடை மெல்ல இறங்கியது. மழைச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. இரண்டு தெரு தாண்டுவதற்குள் முதலாளியின் தலை சாய்ந்தது, வாய் திறந்தது. அப்படி ஒரு குறட்டையை நான் கேட்டதில்லை. எங்கள் காரில் இல்லாத இஞ்சின் சத்தத்தை அவரே போட்டுக்கொடுத்தார்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் எழுந்திருக்கவில்லை. "எழுப்புங்க" என்றேன். "பாவம், தூங்கட்டும்" என்றார் இவர். வேலையைப் பிடுங்குகிறேன் என்றவருக்குப் பாவம் பார்க்கிற ஆளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளியம்மா குடையோடு வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வாயில் விரலை வைத்தார். "எழுப்பிடாதீங்க. மனுஷன் நிம்மதியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? மாத்திரை போட்டாலும் வரமாட்டேங்குது" என்று கிசுகிசுத்தார். எங்களுக்குக் காரிலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார். மழை விட்டபோது முதலாளி தானாக விழித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் போன். "வர்ற வழியிலதானே என் வீடு?"

வழியில் இல்லை. நல்ல சுற்று. "வழிதான் சார்" என்றார் இவர்.

மாசக் கடைசி வந்தது, போனது. காரா வேலையா என்று யாரும் கேட்கவில்லை. ஒர்க்ஷாப்பிலிருந்து டீசல் வண்டியும் திரும்பி வந்துவிட்டது, முதலாளிதான் அதில் ஏறவில்லை. காலையில் வாசலில் வந்து நிற்பார், முன் சீட்டில் உட்காருவார், தெரு தாண்டுவதற்குள் தூங்கிப்போவார். பங்குக்கு ஒரு தெரு முன்னால், டைல்ஸ் கடைக்குப் பின்னால் இறங்கிக்கொள்வார். மற்ற முதலாளிகள் பார்த்துவிட்டால் மானம் போய்விடுமாம். முதலாளியும் மேனேஜரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து, ஒன்றும் தெரியாதவர்கள்போல் பங்குக்குள் நுழைவார்களாம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தத் தலைப்பாகை என் சீட் என்பது போகப்போகத்தான் உறைத்தது.

நான் பின்னால். முதலாளி தூங்குவதால் பேசக் கூடாது. ரேடியோ கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் புருஷனின் பிடரியும், கண்ணாடியில் அவர் கண்ணும்தான். பாலம் இறங்கும்போது முதலாளியின் தோள் திரையை மறைத்துவிடும். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக, கூடாரமும் போய் நானும் வெளியே நின்றேன்.

"அவரைப் பின்னாடி உக்காரச் சொல்லுங்க" என்றேன்.

"அவர் முதலாளியாச்சே."

"முதலாளின்னா? பின் சீட்டுல உக்கார மாட்டாரா? அவரோட வண்டியில பின்னாடிதானே உக்காருவாரு?"

பிளக்கை மாட்டக் குனிந்துகொண்டார், கல்லுளிமங்கன்.

"அப்போ நாளையிலேருந்து நான் பஸ்லயே போறேன். நீங்களும் உங்க முதலாளியும் குடும்பம் நடத்துங்க."

சொன்னபடியே மறுநாள் பஸ்ஸில் போனேன். வீம்புக்குப் போனால் வினைதான் வரும். நெரிசலில் என் பக்கத்தில் நின்றவர் கையில் பெட்ரோல் கேன் ஒன்று இருந்தது, மூடி சரியாக மூடவில்லை. கடைக்குப் போய்ச் சேரும்போதே இடது கண்ணில் மின்னல். ஒரு பெரியவரின் லென்ஸைத் தேய்க்க உட்கார்ந்தேன். மையப் புள்ளி இரண்டாகத் தெரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு, அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தபோது, தலையில் ஈரத்துணியோடு படுத்திருந்தேன். கல்யாணமான புதிதில் பார்த்த அதே காட்சி. குளித்துவிட்டு வந்து துணியை மாற்றிப் போட்டார்.

"நாளைக்குக் கார்ல வா" என்றார்.

காலையில் முன்னால்தான் உட்கார்ந்தேன். முதலாளி வீடு வரும் வரைக்கும் அது என் சீட்தானே? அவர் பாட்டுக்கு ஓட்டினார். நானும் அன்றைக்குப் பேசவில்லை. தெரு திரும்பியதும் வாசலில் முதலாளி கையில் பையோடு நிற்பது தெரிந்தது. கார் நின்றது. நான் இறங்கிப் பின்னால் போவதற்காகக் கதவை இழுத்தேன். திறக்கவில்லை.

"லாக்கை எடுங்க" என்றேன்.

எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி என் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இவர் என் பக்கத்து ஜன்னலை இறக்கினார். கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

"சார், நீங்க பின்னாடி உக்காருங்க. இது இவ சீட்டு. இவளுக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது சார். எங்களுக்குக் கல்யாணமாகி, இந்தக் கார் வர்ற வரைக்கும் நாங்க சேர்ந்து எங்கயும் போனதில்லை. இவ பக்கத்துல உக்காரணும்னுதான் இந்தக் காரையே வாங்கினேன்."

அவ்வளவு வார்த்தைகளை ஒரே மூச்சில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் முதலாளியிடம். வேலை போயிற்று என்று நினைத்தேன். அந்த நிமிஷம் போனால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். பிறகு பின்கதவு திறந்தது, கார் ஒரு குலுக்குக் குலுங்கியது. திரும்பிப் பார்த்தால், மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் தலைக்கு வைத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு சீட் முழுக்கப் படுத்திருந்தார்.

"இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேயா? நானும் இத்தனை நாள் கழுத்து சுளுக்க உக்காந்துட்டு வந்திருக்க மாட்டேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, "படுத்துட்டா வெளியில தெரியாதுல்ல? இனிமே நேரா பங்குக்குள்ளயே விடு. டைல்ஸ் கடையிலேருந்து நடந்து எனக்கு முட்டி தேயுது" என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்த திருப்பத்தில் குறட்டை ஆரம்பித்துவிட்டது.

பாலம் வந்தது. ஏறினோம். இறங்கும்போது அவர் காலை எடுத்தார், திரையில் சார்ஜ் ஏறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன, இன்னைக்கு ஒண்ணுமே பேச மாட்டேங்கற?" என்றார் அவர்.

"நீங்க பேசுங்க. நான் கேக்கறேன்" என்றேன்.